கணக்குக் கேட்கும் உரிமை

(ஓசூரில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

அரசுக் கணக்குத் தணிக்கை என்ற தலைப்பைக் கேட்டதுமே, இது ஆடிட்டர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, நமக்கு எதற்கு என்று சிலர் நினைத்திருக்கக்கூடும். மேடையில் முழக்கமிடுவதற்கு ஏற்ற தலைப்பு இல்லைதான். ஆனால் நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர், நம் பிள்ளைக்கு வர வேண்டிய கல்வி உதவித்தொகை, நாம் கட்டுகிற சொத்து வரி, கடையில் வசூலித்துச் செலுத்துகிற ஜி.எஸ்.டி. எல்லாம் எங்கே போய், எப்படித் திரும்பி வருகின்றன என்பதைச் சொல்லும் ஒரே அதிகாரபூர்வமான ஏடு இதுதான். உரிமைகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கணக்குக் கேட்பதும் ஓர் உரிமை. அதை நாம் பயன்படுத்துவதே இல்லை.

கடைக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

ஓசூரில் பழைய இரும்பு வியாபாரம் செய்பவரானாலும், கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருப்பவரானாலும் ஒரு விஷயத்தில் கவனமாக இருப்பார். கல்லாவைக் கையாளுபவர் ஒருவர். பேரேட்டைச் சரிபார்ப்பவர் வேறொருவர். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடையிலும்கூட இந்த ஏற்பாடு உண்டு. இது தம்பி மேல் உள்ள சந்தேகத்தால் வந்ததில்லை. கணக்கு சரியாக இருந்தால்தான் உறவும் சரியாக இருக்கும் என்ற அனுபவத்தால் வந்தது.

அரசாங்கம் என்பது நம் எல்லோருடைய பணத்திலும் நடக்கும் பெரிய கடை. அங்கே கல்லாவில் அமர்ந்திருப்பவர்கள் அமைச்சர்களும் அதிகாரிகளும். அவர்களுடைய பேரேட்டை அவர்களே சரிபார்த்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அரசியல் சட்டம் வெளியிலிருந்து ஒருவரை நியமித்திருக்கிறது. அவர்தான் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். பத்திரிகைகள் சுருக்கமாக சி.ஏ.ஜி. என்று எழுதுகின்றன.

இந்தத் துறை 1860-ஆம் ஆண்டு, 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேய ஆட்சியில் தோன்றியது. வெள்ளையனுக்குத் தன் வருமானத்தைப் பாதுகாக்க வேண்டியிருந்தது. சுதந்திர இந்தியாவோ அதே துறையை மக்களுடைய காவல் துறையாக மாற்றியது. அரசியல் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் இதற்காகவே உள்ளவை. 1949-ஆம் ஆண்டு அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், இந்தச் சட்டத்தில் உள்ள பதவிகளிலேயே மிக முக்கியமானது இதுவாகத்தான் இருக்கும் என்றும், நீதித்துறையின் கடமையைவிட இவருடைய கடமை பெரியது என்றும் கருத்துத் தெரிவித்தார். 

உச்சநீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கு என்ன நடைமுறையோ அதே நடைமுறையில்தான் இவரையும் நீக்க முடியும். பதவிக் காலம் முடிந்த பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி எதையும் இவர் ஏற்கக் கூடாது. நாளை கிடைக்கப்போகும் நாற்காலிக்காக இன்றைய கணக்கில் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு கட்டுப்பாடும் இவ்வளவு பாதுகாப்பும்.

மூன்று கேள்விகள்

தணிக்கை என்றால் ரசீதையும் செலவையும் கூட்டிப் பார்ப்பது மட்டும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் தணிக்கையாளர் மூன்று விதமான கேள்விகளைக் கேட்கிறார். கணக்கு உண்மையானதா என்பது முதல் கேள்வி. சட்டத்தையும் விதியையும் பின்பற்றிச் செலவு செய்தார்களா என்பது இரண்டாவது. செலவு செய்த நோக்கம் நிறைவேறியதா என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது கேள்வியைத்தான் செயல்பாட்டுத் தணிக்கை என்கிறார்கள்.

நம் மாவட்டத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை விழும், எலும்பு வளையும், நடு வயதிலேயே நடை தளரும். இந்த வேதனையைத் தீர்க்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் உருவாகி, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது.

இப்படிப்பட்ட ஒரு திட்டத்தில் முதல் கேள்வி, குழாய் வாங்கிய பில் உண்மையானதா என்பது. இரண்டாவது, டெண்டர் முறையாக விடப்பட்டதா என்பது. இந்த இரண்டும் சரியாக இருந்தும், ஏதோ ஒரு கிராமத்து மேல்நிலைத் தொட்டியில் காவிரித் தண்ணீர் ஏறாமல், பழைய ஆழ்துளைக் கிணற்று நீரே ஏறிக்கொண்டிருக்கலாம். காவிரி நீரும் கிணற்று நீரும் ஒரே தொட்டியில் கலக்கப்படலாம். அப்போது காகிதத்தில் எல்லாம் சரி. குழந்தையின் பல்லில் மட்டும் கறை. ஃபுளோரைடு குறைந்ததா, எத்தனை குடியிருப்புகளுக்குத் தினமும் தண்ணீர் போகிறது, நீரை யார் எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதிக்கிறார்கள் என்று கேட்பது மூன்றாவது கேள்வி. அரசின் சேவை மக்களிடம் வந்து சேர்ந்ததா என்பதை அளக்கும் கேள்வி அது.

நம் ஊரில் யார் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்?

ஓசூரின் முகத்தை மாற்றியது சிப்காட். 1971-இல் தொடங்கப்பட்ட அந்த மாநில அரசு நிறுவனம், இங்கே தொழிற்பேட்டை அமைத்ததால்தான் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும், அவற்றை நம்பி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் வந்தன. தொழிற்பேட்டைக்காக எடுக்கப்பட்டது ஏழை விவசாயியின் நிலம். அது தொழில் தொடங்கத்தான் ஒதுக்கப்பட்டதா, அல்லது விலை ஏறட்டும் என்று பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா? ஒதுக்கீட்டு விலை எப்படி நிர்ணயிக்கப்பட்டது? கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு உண்டா? சிப்காட் அரசு நிறுவனம் ஆகையால் இவற்றையெல்லாம் கேட்கும் அதிகாரம் தணிக்கையாளருக்கு உண்டு. அரசு நிறுவனங்களுக்கு ஆடிட்டரை நியமிப்பவரே சி.ஏ.ஜி.தான். அந்த ஆடிட்டர் தந்த அறிக்கைக்கு மேலும் துணைத் தணிக்கை செய்யவும் அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இன்னொரு செய்தி நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. ஓசூரில் கைக்கடிகாரம் செய்யும் டைட்டன் நிறுவனம், டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984-இல் உருவாக்கியது. அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் டிட்கோ வைத்திருக்கிறது. அதாவது, தமிழக மக்களாகிய நமக்கும் அதில் பங்கு உண்டு. டைட்டன் தனியார் துறையில் இருக்கிறது. டிட்கோ பொதுத்துறையில் இருக்கிறது. மக்கள் பணத்தைப் போட்டு வாங்கிய பங்கு என்ன ஈட்டுகிறது, ஈட்டிய பணம் எங்கே போகிறது என்பது டிட்கோவின் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு தணிக்கைக்கு வரும்.

அடுத்தது உள்ளாட்சி. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகியது. 2019-இல் ஓசூர் நகராட்சி, மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. ஊர் பெரிதாகப் பெரிதாக வரியும் பெரிதாகிறது. தெருவிளக்கு, குப்பை, சாக்கடை ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்களும் பெரிதாகின்றன. மாநகராட்சி, நகராட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்வது தமிழக அரசின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. இதற்கென 2014-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அந்தத் துறையினர் எழுப்பும் ஆட்சேபங்களைத் தணிக்கைத் தடை என்று அலுவலகங்களில் சொல்வார்கள். தடைக்கு உரிய பதிலைத் தந்தால் அது நீங்கும். தராவிட்டால் நிலுவையில் நிற்கும். உங்கள் ஊரில் எத்தனை தணிக்கைத் தடைகள் எத்தனை ஆண்டுகளாக நிலுவையில் நிற்கின்றன என்று வார்டு உறுப்பினரிடம் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

எல்லை தாண்டி வரும் நுரை

எல்லையில் வாழ்கிற நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை ஆறு, பெங்களூரின் கிழக்குப் பகுதியின் கழிவுகளைச் சுமந்துகொண்டு ஓசூருக்கு அருகே தமிழகத்திற்குள் நுழைகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் கலக்கும் சாக்கடை இந்த ஆற்றின் வழியாகத்தான் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது மலைபோல வெண்ணுரை எழும்புவதையும், நாற்றம் வீசுவதையும் நீங்கள் நேரில் கண்டிருக்கிறீர்கள். அந்த நீரில்தான் நம் விவசாயி பயிர் செய்கிறார்.

இதற்கு யாரிடம் கணக்குக் கேட்பது? பெங்களூர் மாநகராட்சி நமக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நம் மாநகராட்சியோ, குற்றம் எங்களுடையதில்லையே என்று சொல்லிவிடும். ஆனால் தணிக்கையாளருக்கு எல்லை கிடையாது. தமிழகத்திற்கும் கர்நாடகத்திற்கும் சி.ஏ.ஜி. ஒருவரே. பெங்களூரின் மழைநீர் வடிகால் மேலாண்மை குறித்து அவர் தயாரித்த தணிக்கை அறிக்கை 2021-இல் வெளிவந்தது. மழைநீர் ஓட வேண்டிய வடிகால்களில் கழிவுநீர் ஓடுவதையும், வடிகால்கள் ஆக்கிரமிக்கப்பட்டதையும், ஏரிக்கும் ஏரிக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோனதையும் அது எடுத்துக் காட்டியது. அந்தச் சாக்கடையின் கடைசி முனையில் நிற்பது நாம்.

ஆனால் அரசியல் சட்டத்தின் 151-ஆம் பிரிவுப்படி, கர்நாடகம் பற்றிய அறிக்கை அந்த மாநில ஆளுநரிடம் போய், அந்த மாநிலச் சட்டமன்றத்தில்தான் வைக்கப்படும். அங்கே நமக்கு உறுப்பினர் கிடையாது. கேள்வி கேட்க நாக்கு கிடையாது. அதற்காக அறிக்கை நமக்குப் பயன்படாது என்று ஒதுக்கிவிடலாமா? 2017-இல் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்த பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த விவகாரத்தைத் தானே எடுத்து விசாரித்தது. ஏரிகளைச் சீரமைக்க 500 கோடி ரூபாயைக் கர்நாடக அரசு தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று 2018 டிசம்பரில் உத்தரவிட்டது. தீர்ப்பாயத்தின் முன் நிற்கும்போது, மனுதாரர் அழுவதைவிட அதிக எடை உள்ளது தணிக்கையாளர் எழுதிய ஒரு பத்தி. எங்கள் ஆறு கெட்டுவிட்டது என்று நாம் சொன்னால் அது புகார். உங்கள் வடிகாலில் கழிவுநீர் ஓடுகிறது என்று உங்கள் கணக்கைப் பார்த்தவரே எழுதியிருக்கிறார் என்றால் அது சான்று. நம் நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் கையில் அந்தச் சான்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது நம் வேலை.

வணிகர் செலுத்திய வரி

வணிகச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. மாநிலங்கள் தங்கள் வரி உரிமைகள் பலவற்றை விட்டுக்கொடுத்ததால், ஐந்து ஆண்டுகளுக்கு இழப்பீடு தருவதாக மத்திய அரசு சட்டத்தின் மூலம் வாக்களித்தது. அதற்காகச் சிகரெட், குளிர்பானம், கார், நிலக்கரி போன்றவற்றின் மீது தனியாக ஒரு மேல்வரி விதிக்கப்பட்டது. அந்தப் பணம் வேறு எதற்கும் போகாமல், இழப்பீட்டு நிதி என்ற தனிக் கணக்கில் சேர வேண்டும் என்பது சட்டம்.

2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை, 2017-18, 2018-19 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வசூலான மேல்வரியில் 47,272 கோடி ரூபாய் அந்த நிதிக்கு மாற்றப்படாமல் மத்திய அரசின் பொதுக் கணக்கிலேயே தங்கிவிட்டது என்று சொன்னது. கணக்கை ஒத்துப் பார்ப்பதில் ஏற்பட்ட தாமதம்தான், பணம் திசைதிருப்பப்படவில்லை என்று நிதி அமைச்சகம் விளக்கம் தந்தது. இரண்டு பக்கத்தையும் நாம் கேட்டுக்கொள்வோம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்ய ஒரு நாள் தாமதமானால் அபராதம் உண்டு. வசூலித்த வரியைக் கட்டத் தாமதித்தால் வட்டி உண்டு. அரசாங்கம் 47,272 கோடி ரூபாயை இடம் மாற்றத் தாமதித்தது என்பதை, தணிக்கையாளர் சொல்லாவிட்டால், உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இந்தத் துறையின் அதிகாரிகள் வந்து நம் கணக்கைப் பார்க்கிறார்களே என்று சலித்துக்கொள்கிறோம். அவர்களுடைய கணக்கையும் ஒருவர் பார்க்கிறார் என்பதை வணிகர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கேட்பார் இல்லாத கேள்வி

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும் ஊழல் ஏன் குறையவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த உரையில் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இங்கேதான் இருக்கிறது. தணிக்கையாளர் கேள்வி கேட்பார், தண்டிக்க மாட்டார். அவர் கையில் சிறைச்சாலையும் இல்லை, போலீசும் இல்லை. அவருடைய அறிக்கை சட்டமன்றத்திற்குப் போகிறது. அங்கே பொதுக் கணக்குக் குழுவும், பொது நிறுவனங்கள் குழுவும் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கின்றன. கேள்வியை எடுத்துக் கேட்பதற்கு ஆள் இருந்தால்தான் அதற்கு உயிர் உண்டு.

பீகார் மாட்டுத்தீவன ஊழலைப் பாருங்கள். அந்த மாநிலக் கருவூலக் கணக்குகள் உரிய நேரத்தில் வராததைக் கவனித்த அன்றைய சி.ஏ.ஜி. சதுர்வேதி, இது கையாடலின் அறிகுறியாக இருக்கலாம் என்று 1985-லேயே மாநில முதலமைச்சருக்கு எச்சரிக்கை எழுதினார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1996-இல் சாய்பாசாவில் மாவட்ட அதிகாரி ஒருவர் கால்நடைத் துறை அலுவலகங்களில் சோதனை நடத்திய பிறகுதான் சுமார் 950 கோடி ரூபாய் ஊழல் வெளியில் வந்தது. 11 ஆண்டுகள்! அன்றே கேட்டிருந்தால் எத்தனை கோடி மிச்சமாகியிருக்கும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2010-இல் வெளியான 2ஜி அறிக்கை, அரசுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பாக 1 லட்சத்து 76 ஆயிரம் கோடி ரூபாய் என்ற உச்சபட்ச மதிப்பீட்டைச் சொன்னது. அந்தத் தொகையைத் திருடப்பட்ட பணம் என்றே நாடெங்கும் மேடைகளில் பேசினார்கள். 2012-இல் உச்சநீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. முறை தவறியதா என்பது வேறு. குற்றம் நிரூபணமானதா என்பது வேறு. தணிக்கை அறிக்கையைத் தீர்ப்பு என்று தலையில் வைத்து ஆடுவதும் தவறு. பழைய காகிதம் என்று தூக்கி எறிவதும் தவறு. பதில் கேட்டு வாங்க வேண்டிய கேள்வித்தாள் அது.

கேள்வியே வெளியே வராமல் தடுக்கும் வித்தையும் நடக்கிறது. அறிக்கை கைக்கு வந்த பிறகு இத்தனை நாளுக்குள் அவையில் வைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் காலக்கெடு இல்லை. டெல்லியில் ஆண்டுக்கணக்கில் தாக்கல் செய்யப்படாமல் இருந்த 14 அறிக்கைகள், 2025 பிப்ரவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் அவைக்கு வரத் தொடங்கின. மத்திய அரசு பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கைகள் 2015-இல் 55 ஆக இருந்தவை 2020-இல் 14 ஆகக் குறைந்தன என்பது தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் தெரியவந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் ஆட்சியில் இருப்பவர்களுக்குத் தணிக்கை கசக்கிறது. எதிர்க்கட்சி ஆனதும் இனிக்கிறது. மக்களுக்கு மட்டும்தான் அது எப்போதும் தேவைப்படுகிறது.

பிள்ளைகளின் பணம்

நம் சமுதாயத்தை நேரடியாகச் சுட்ட ஒரு செய்தி. சச்சார் குழுவின் அறிக்கை 2006-இல் வந்த பிறகு, சிறுபான்மை மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டங்கள் விரிவாக வந்தன. 2023-இல் மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 1,572 கல்வி நிறுவனங்களில் 830 போலியானவை அல்லது இயங்காதவை என்றும், 2017-18 முதல் 2021-22 வரை சுமார் 144 கோடி ரூபாய் மோசடி நடந்ததாகவும் கூறி, வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. இல்லாத பள்ளிக்கூடத்தில் இல்லாத மாணவன் பெயரில் பணம் போயிருக்கிறது. அதே நேரத்தில், இருக்கிற பள்ளிக்கூடத்தில் படித்த ஏழை வீட்டுப் பிள்ளை, விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று தெரியாமல் நின்றது.

மோசடி நடந்தால் திட்டத்தின் மேலேயே பழி விழுகிறது. சலுகை கொடுத்தால் இப்படித்தான் என்று பேச ஒரு கூட்டம் கிளம்புகிறது. பள்ளியிலும் வங்கியிலும் மாவட்ட அலுவலகத்திலும் ஆண்டுதோறும் ஒழுங்காகச் சரிபார்த்திருந்தால், ஐந்து ஆண்டுகள் இது ஓடியிருக்குமா? தணிக்கை பணக்காரர்களின் விவகாரம் என்று எண்ணாதீர்கள். கணக்கு சரியாக இல்லாத இடத்தில் முதலில் நஷ்டப்படுகிறவர் சிபாரிசுக்கு ஆளில்லாத ஏழைதான்.

முதலில் நம் கணக்கு

சகோதரர்களே! அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கப் புறப்படுகிறவன் தன் கணக்கைத் திறந்து வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். நம் பள்ளிவாசல், மதரஸா, கபரஸ்தான் ஆகியவற்றுக்கு வக்ஃப் செய்யப்பட்ட சொத்துக்களின் கணக்கு எப்படி இருக்கிறது? 1995-ஆம் ஆண்டு வக்ஃப் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, முத்தவல்லிகள் கணக்கு எழுதி வாரியத்திற்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்கிறது. 47-ஆம் பிரிவு தணிக்கையைப் பற்றியது. 2025-இல் வந்த திருத்தச் சட்டம், சி.ஏ.ஜி. நியமிக்கும் தணிக்கையாளரைக் கொண்டும் வக்ஃப் கணக்கைத் தணிக்கை செய்ய உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. அந்தத் திருத்தச் சட்டத்தின் மீதான நம் சமுதாயத்தின் ஆட்சேபங்கள் அந்த ஆண்டே உச்சநீதிமன்றம் சென்றன. நிர்வாக உரிமைக்காக வாதாடுவது நம் கடமை. ஆனால் கணக்குக் காட்ட மறுப்பவர்கள் என்ற பெயர் நம் மீது விழுவதற்கு நாமே இடம் கொடுத்துவிடக் கூடாது.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிய பாடமும் இல்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. நபி (ஸல்) அவர்கள், பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஸகாத் வசூலிக்க அனுப்பிய இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்ததும் அவரிடம் கணக்குக் கேட்டார்கள். ஒரு பகுதியைப் பொது நிதிக்கு என்றும், மற்றதைத் தமக்கு வந்த அன்பளிப்பு என்றும் அவர் பிரித்துக் காட்டினார். தாய் தந்தையர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்ற பொருளில் நபியவர்கள் கேட்டதும், அதைப் பொதுமக்கள் முன்னிலையில் மிம்பரில் ஏறிப் பேசியதும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. பதவியில் இருப்பவருக்கு வரும் அன்பளிப்பின் வேர் எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆடிட்டரும் விளக்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய பட்டியல் போடப் போவதில்லை. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற சிறு கிராமத்தில் கூலித் தொழிலாளர்களும் விவசாயிகளும் கூடினார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு அந்தக் கூட்டத்தை நடத்தியது. அரசு வேலைகளின் கூலிப் பட்டியலையும் பில்களையும் ஊரார் முன் உரக்க வாசித்தார்கள். அவ்வளவுதான். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி போனதும், முடியாத வேலை முடிந்ததாக எழுதப்பட்டதும் ஊராரின் வாயாலேயே வெளிவந்தன. அந்தச் சின்னக் கூட்டத்தில் பிடித்த நெருப்புதான் 2005-இல் தகவல் உரிமைச் சட்டமாக வந்தது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. எழுத்தறியாத கூலித் தொழிலாளி செய்ததைப் பட்டம் பெற்ற நம் இளைஞர்கள் செய்ய முடியாதா?

ஒவ்வொரு ஜமாஅத்திலும் நான்கைந்து இளைஞர்கள் சேருங்கள். பி.காம். படித்தவர் ஒருவர், அனுபவமுள்ள வணிகர் ஒருவர் இருக்கட்டும். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் உள்ளாட்சியின் கடைசித் தணிக்கை அறிக்கையின் நகலையும், நிலுவையிலுள்ள தணிக்கைத் தடைகளின் பட்டியலையும் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த அறிக்கையில் உங்கள் தெருவுக்குச் சம்பந்தப்பட்ட இரண்டு பத்திகளைத் தேர்ந்தெடுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் அதைக் கிராம சபையில் வாசியுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்துப் பதில் கேளுங்கள். சி.ஏ.ஜி. அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் நம் மாவட்டத்தின் பெயர் வரும் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். யாரையும் திருடன் என்று சொல்லாதீர்கள். இந்தப் பத்திக்கு என்ன பதில் என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் கேளுங்கள். இதில் நம் மக்கள், பிற மக்கள் என்ற பேதம் வேண்டாம். ஒகேனக்கல் தண்ணீரும் கெலவரப்பள்ளி நுரையும் எல்லாத் தெருவுக்கும் பொது.

கூடவே, வரும் மாதம் உங்கள் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் வரவு செலவை ஒட்டச் சொல்லுங்கள். வாடகை பாக்கி எவ்வளவு, யார் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். பாக்கி வைத்திருப்பவர் நம்மில் ஒரு வணிகராக இருந்தால், அவர் முதலில் கட்டட்டும். அந்தப் பலகையைத் தாண்டித்தான் நாம் மாநகராட்சி அலுவலகத்தின் படியேற வேண்டும். அப்போது நம் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தட்டிக்கழிக்க யாராலும் முடியாது, இன்ஷா அல்லாஹ்.